சந்தியா என்று ஒரு நட்சத்திரம்

ஒரு ஊரிலே ஒரு மரம் இருந்ததாம். வேரே கிடையாதாம், ஆனாலும் நாளுக்கு நாள் காய்த்துக்கொண்டே போனதாம்.

ஊர் தியாகதுருகம். மரம், சர்ச் வாசலில் மணல் நிரப்பிய டின்னில் நட்டுவைத்த சவுக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யார் வேண்டுமானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஓர் அட்டை நட்சத்திரத்தில் பேரெழுதிக் கட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கையெழுத்து அழகு என்பதால், பேர் எழுத தேவிப்ரியாவைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

சாயங்காலம், கூட்டமெல்லாம் போன பிறகு ராமசாமி வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை.

"எழுதும்மா. சந்தியா..."

பேனா நின்றுவிட்டது.

சந்தியா அவருடைய ஒரே மகள். தேவிப்ரியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். போன வருஷம் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டாள். மறுநாளே பஸ் ஸ்டாண்டு சுவரில் அவள் போட்டோ போட்டு 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டிய மனுஷன் இவர்.

"மாமா, இது தவறிப்போன புள்ளைங்களுக்கு."

"தெரியும். அதுக்குத்தான் வந்தன்."

"சந்தியா உசுரோட இருக்கா."

"நீ பாத்தியா?"

"பாக்கல. சொன்னாங்க."

"ம்."

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பெரியநாயகி தலை நிமிராமல் சொன்னாள்: "போஸ்டர்ல ஒரு தபா, மரத்துல ஒரு தபா. ஒரே பொண்ண எத்தினி தபாதான் சாவடிப்பாரோ."

ராமசாமி காதில் விழாமல் இருக்காது. ஆனால் திரும்பவில்லை.

தேவிப்ரியாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீம்புக்கு வந்த மனுஷன் என்றால் கண் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது? சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது? கூடைக்குள் பிளாஸ்க் எதற்கு?

"போஸ்டர் ஒட்டினது பத்தலையா மாமா?"

"ஒட்டினன். இல்லன்னு சொல்லல. நீ மொதல்ல எழுது, மிச்சத்த அப்பறம் சொல்றன்."

யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுக்கத்தானே உட்கார வைத்திருக்கிறார்கள்? எழுதினாள். 'சந்தியா.' தோழியின் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்தது போலிருந்தது.

நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இன்னும் முடியலம்மா. கீழ 'பேபி'ன்னு போடு."

"பேபியா?"

"ஆஸ்பத்திரில நர்சம்மா அப்பிடித்தான் கூப்டுது. 'சந்தியா பேபி கூட வந்தவங்க யாரு?'ன்னு கத்திக்கினே இருந்துது. மாப்ள மாத்திர வாங்கப் போயிருந்தாரு. நான்தான் எழுந்து போனன்."

டின்னில் இருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு வெக்கறதுக்குள்ள கொழந்த போயிடுச்சு. வேற இன்னா பேரச் சொல்லி எழுதச் சொல்றது?"

பெரியநாயகியின் கையில் பூ அப்படியே நின்றது.

தேவிப்ரியா கீழே எழுதினாள். 'பேபி' கோணலாக விழுந்தது.

ராமசாமி வாங்கினார். மேலே எத்தனையோ கிளை காலியாக இருந்தும், குனிந்து ரொம்பத் தாழ்வான ஒரு கிளையில் கட்டினார். தவழுகிற பிள்ளைக்குக்கூட எட்டும்.

"சந்தியா எப்பிடி இருக்கா மாமா?"

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிலதான் கெடக்கறா. அவங்கம்மா கஞ்சி வெச்சிக் குடுத்தா, எடுத்துக்கினு போறன். நாளிக்கு நம்ம வூட்டுக்கே இட்டாந்துடுவன்."

பெரியநாயகி ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டாள். "காசு வாணாம். போ அண்ணா."

பஸ் ஹார்ன் அடித்தது. நாலடி போனவர் நின்றார்.

"அந்தப் போஸ்டர் ஒட்டினதுலேந்து நீ ஒரு போன்கூடப் பண்ணலியாமே. சந்தியா சொல்லி அழுவறா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நடந்தார்.

தேவிப்ரியா பேனாவை மூடினாள்.

"எங்கடி போற?" என்றாள் பெரியநாயகி.

"உசுரோட இருக்கறவளப் பாக்க" என்றபடி, அவர் பின்னாலேயே பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.