தங்க நிற ஹெல்மெட்

பின்லாந்தின் ஐஸ் ஹாக்கியில் அணிக்கு ஒருவர்தான் தங்க நிற ஹெல்மெட் போடலாம். அந்த சீசனில் அதுவரை அதிகப் புள்ளி எடுத்தவர். வெய்க்கோ பதினான்கு வருடமாகக் கறுப்பு ஹெல்மெட். இடிப்பதும் இடி வாங்குவதும்தான் அவன் உத்தியோகம். மட்டையால் கோல் போட்டு நாலு வருடமாகிறது. இந்த வருடமும் போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் அடித்து விரட்டிய ரப்பர் வில்லை இவன் முதுகில் பட்டு வலைக்குள் விழுந்தது. அணிக்கு அன்று அது ஒன்றுதான் கோல்; புள்ளிக் கணக்கில் வெய்க்கோதான் முதல். நட்சத்திர வீரன் யாஸ்பெரை அந்தத் தங்க ஹெல்மெட்டோடு படமெடுத்து ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்த கிளப் தலைவர், முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை நீட்டினார். "அடுத்த ஆட்டத்துக்கு மட்டுந்தான். கீறல் விழாம பாத்துக்க."

"கோல் போட்டது முதுகு. தலையில மாட்டினா அது கோவிச்சுக்காதா சார்?" என்றான் வெய்க்கோ.

அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் ஹெல்மெட்டை அப்படியே நம்பிவிட்டார்கள். வில்லையோடு அவன் வருவதைப் பார்த்ததும், ஏதோ வித்தை வைத்திருக்கிறான் என்று தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் பின்வாங்கினார்கள். முன்னால் வெறும் பனித்தரை. "இங்க தள்ளுய்யா," என்று பக்கத்திலிருந்து யாஸ்பெர் கத்தினான். பதினான்கு வருடமாகத் தள்ளித்தான் பழக்கம். ஆனால் எதிரே கோல்கீப்பர் அவனைப் பார்த்து நிஜமாகவே பயந்துகொண்டிருந்தான். அந்தப் பயத்தை வீணாக்க வெய்க்கோவுக்கு மனம் வரவில்லை. மட்டையை ஓங்கினான்.