இசக்கிராஜின் புள்ளி

“அப்பா, சாமி பாக்கறதும் ஒங்க கம்பெனி பாக்கறதும் ஒண்ணாப்பா?” என்று மகள் ஒருநாள் ஞானமுத்துவைக் கேட்டாள். சோப்புக் கம்பெனி கொடுத்த போன் வழியாக, மேனேஜரின் திரையில் ஒவ்வொரு விற்பனையாளரும் ஒரு புள்ளி. அரைமணி நேரம் அசையாமல் நின்றாலோ, தனக்கு ஒதுக்கிய தெருக்களைத் தாண்டினாலோ புள்ளி சிவந்துவிடும்; வேலை முடியும் ஆறு மணிக்கு அவரவர் போனுக்கும் அந்தச் சிவப்பு வரும். மூன்று முறை சிவந்தால் வேலை போய்விடும். ஞானமுத்துவின் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நாளில், பக்கத்துத் தெருக்களில் விற்கும் இசக்கிராஜ்தான் போனைக் கேட்டுக் கையை நீட்டினான். “போனுக்குத்தாம்ணே சம்பளம், நமக்கா குடுக்கான்? அத நான் மேச்சுட்டு வாரேன். நீங்க போயி அம்மா மொகத்தப் பாருங்க.” அன்று அம்மா மகன் மடியில் கண்ணை மூடினாள். தன் தெருக்களை விட்டு வந்ததால் இசக்கிராஜுக்கு முதல் சிவப்பு விழுந்ததும் அன்றுதான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இன்று காலை மேனேஜர், “ரெண்டாச்சு இசக்கிராஜ். இன்னொண்ணு விழுந்தா வீட்டோட இருந்துக்க” என்றார். மதியம் பெரியாஸ்பத்திரி வாசலில் இசக்கிராஜின் பைக் நின்றது. ஞானமுத்து உள்ளே போனான். பிள்ளை பெற்ற மனைவி மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடக்கும் அறைக்கு வெளியே, ஆளில்லாத நடையில், இசக்கிராஜ் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை. மடியில் கிடந்த போனை மெல்ல எடுத்துக்கொண்டு, அவனுடைய தெருக்களில் கடை கடையாக வெயிலில் நடந்தான்.

ஆறு மணிக்குத் திரும்பியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. போனைப் பழையபடி மடியில் வைத்து நிமிர்ந்தபோது, சட்டைப்பையில் ஞானமுத்துவின் போன் சிவந்து அதிர்ந்தது. தூங்குபவனுக்குக் கேட்டுவிடாமல் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.