விடுபட்ட பதினைந்து பேர்

“சார், இந்த ஊசிய எங்க போடுறாங்க?”

வாசலில் நின்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். பார்த்தால், என் கட்டுரை! ‘புற்றுநோயை வெல்லும் நம் இரத்தம்’. கீழே கொட்டை எழுத்தில் ‘நவரட்ணராஜா, கண்டி’.

பதினொரு வருஷமாக ஞாயிறு பேப்பரில் விஞ்ஞானம் எழுதுகிறேன். வீடு தேடி வந்த முதல் வாசகர் இவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இருங்கோ, இருங்கோ” என்று கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

பெயர் வீரய்யாவாம். கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம்.

“ரெண்டு எடத்துல பஸ்ஸ நிப்பாட்டி செக் பண்ணுனாங்க சார். இந்தத் துண்டையும் விரிச்சுப் பாத்து என்னான்னு கேட்டாங்க. பொண்டாட்டிக்கு மருந்துன்னேன். விட்டுட்டாங்க.”

“கட்டுரை விளங்கினதோ?” என்றேன். பாராட்டு வேண்டுமே!

“நல்லா வெளங்குச்சு சார். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுதான் ஒடம்புக்குக் காவக்காரன். புத்து நம்ம ஆளு மாதிரியே வேசம் போட்டுக்கிட்டு உள்ள இருக்கிறதால அவனுக்கு அடையாளம் தெரியல. அந்த அணுவ வெளிய எடுத்து, புது மரபணு ஏத்தி, திரும்ப ஒடம்புக்குள்ள விட்டா, அது அடையாளம் கண்டு அடிச்சிடுது. சரிதானே சார்?”

என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் ‘இராணுவம்’ என்றுதான் எழுதியிருந்தேன். இந்த நாளையில் ஏன் வம்பு என்று ஆசிரியர்தான் ‘காவல்காரன்’ ஆக்கினார்.

“எஞ் சம்சாரம் ரத்தினம்மாவுக்கு மாருல கட்டி சார். வியாழக்கெழம ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. இதப் படிச்சதுலேருந்து வர மாட்டேங்கிறா. ‘என் ரத்தமே பாத்துக்கும், கத்தி எதுக்கு’ன்னு ஒரே பிடிவாதம். அதான் ஊசி எங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”



“அது இஞ்ச இல்லை வீரய்யா. அமெரிக்காவில. அதுவும் தோலில வாற ஒரு புற்றுநோய்க்கு. இப்பதான் பரிசோதிச்சுப் பாக்கினம்.”

“அத எழுதலயே சார்?”

“இடம் காணேல்லை.”

“ரெண்டு பேரு பொழச்சாங்கன்னு போட்டிருக்கே. மொத்தம் எத்தன பேருக்குப் போட்டாங்க?”

உள்ளறைத் திரைச்சீலையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“பதினேழு பேர்” என்றேன், அவர் காதுக்குள்.

“மத்த பதினஞ்சு பேரு?”

“அவைக்குச் சரிவரேல்லை.”

“பதினஞ்சு பேர எப்பிடி சார் விட்டீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

இடம் இல்லையாம்! கட்டுரையின் முதல் பந்தி முழுக்க, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த பெருமையை அளந்திருந்தேனே, அதற்கு மட்டும் இடம் இருந்தது.

உண்மை என்னவென்றால், திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருப்பவள் என் மனைவி இரஞ்சிதம். அவளுக்கும் மார்பில் இதே வருத்தம்தான். அறுத்து, மருந்தேற்றி, தலைமுடியும் போய், இப்போது நுரையீரலுக்கும் பரவிவிட்டது. என் கட்டுரைகளை முதலில் வாசிப்பவள் அவள். இதை ஊருக்கு என்று சொல்லி அவள் ஒருத்திக்காக எழுதினேன். வாசித்துவிட்டு அன்றைக்குச் சிரித்தாள், கேட்டு வாங்கிச் சோறு சாப்பிட்டாள். நானும் பெரிய வைத்தியன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

“நான் எழுதினது அரைவாசிதான். வியாழக்கிழமை அவவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன்.

“நாஞ் சொன்னா நம்ப மாட்டா சார். நீங்களே ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அந்தப் பதினஞ்சு பேரயும் எழுதிருங்க.”

மறுக்க முடியுமா? உள்ளே வந்து மேசையில் குனிந்து எழுதத் தொடங்கினேன். ‘பதினேழு பேரில்’ என்று எழுதும்போதே திரைச்சீலை விலகியது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு இரஞ்சிதம் வந்து நின்றாள். சட்டென்று கடதாசியைக் கையால் மூடினேன்.

“மறைக்காதேங்கோ. ரெண்டு பேர்தான் தப்பினது. நீங்கள் பாத்து எழுதின இங்கிலிசுப் பேப்பரை உடுப்பு அலுமாரியில சேட்டுக்குக் கீழ ஒளிச்சு வைச்சனீங்கள். சேட்டு அடுக்கிறது ஆர்?”



அவள் வாசலில் நின்ற வீரய்யாவின் பக்கம் திரும்பினாள். “தம்பி, கடுதாசி வேண்டாம். ரத்தினம்மாவை நாளைக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன். நான் பயந்து பயந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வருஷம் பிந்திப் போனனான். அவவுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

“எல்லாம் தெரிஞ்சுகொண்டே அண்டைக்கு ஏன் அப்பிடிச் சந்தோஷப்பட்டனீர்?” என்று கேட்டேன்.

“வேறை என்ன செய்யிறது? நான் சாப்பிட்டாத்தானே நீங்கள் சாப்பிடுவியள்.”