இடம் மாறிய இரண்டு கட்டைகள்

தையல்கார அம்மாளின் துணி வெட்டும் மேசைமேல் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நடுவே, பதினாறு காந்தக் கட்டைகளைத் திருப்பித் திருப்பி நிறம் சேர்க்கவேண்டிய நான்கு பரிமாணப் புதிரின் முன், தபால் அலுவலகத்தில் பணிபுரியும் அவருடைய கணவர், காட்டையே வென்றுவிட்டுக் காலில் தைத்த முள்ளிடம் தோற்ற சிங்கத்தைப் போல அமர்ந்திருக்கிறார். பதினான்கு கட்டைகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இரண்டு மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று. நான்கு மணிக்குள் முடியாவிட்டால் புதிர் பரணுக்குப் போகும் என்பது வீட்டுத் தீர்ப்பு. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.

"விதிப்படி திருப்பினா ரெண்டு மட்டும் மாறி நிக்கவே நிக்காது. நீ தொட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? தூசு தட்டினேன். ரெண்டு விழுந்துச்சு. அழகா எடுத்து ஒட்டி வெச்சேன்," என்கிறார் அம்மாள், கழுத்தில் அளவு நாடாவோடு.

பதினொரு நாளாகப் புதிர் முடியாத பழி தன்மேல் இல்லையென்று அறிந்த கணவரின் முகம் மலர்கிறது, மறுகணமே வாடுகிறது. "ஆனா கையால கழட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே!"

"சத்தியம் உங்களுதுதானே? எந்த ரெண்டுன்னு காட்டிட்டு அந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் விரலால் சுட்டிவிட்டு எழுந்து, தண்டனை பெற்ற மாணவனைப் போலச் சுவரை நோக்கிக் கைகட்டி நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் காந்தங்கள் டக், டக்கென ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து, கத்தரிக்கோல் துணிக்குள் இறங்கும் ஓசை கேட்கிறது.

"ஏம்மா," என்று சுவரைப் பார்த்தபடியே கேட்கிறார், "நான் ஜெயிச்சுட்டேனா?"