அட்டையில் ஒரு பெயர்

"அட்டையிலேருந்து என் பேரை எடுத்துடு, மிக்கேலு!"

முத்தியால்பேட்டை அச்சகத்தின் வாசலில் நின்றே கமாலுதீன் சொல்லிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அச்சக முதலாளி மிக்கேல் காகிதக் கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அது வந்து பாய்..."

"குறுக்க பேசாத. காதிரிய்யாங்கற சூஃபி வழியையே உண்டாக்குன மகான், முகைதீன் ஆண்டவர். அவரு வரலாற்றுல என் பேரு எதுக்கு?"

நல்ல வாக்கியம். ஸ்கூட்டரில் வரும்போதே சொல்லிப் பார்த்தது. கடைசியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார். தழுதழுத்தது.

வெள்ளிக்கிழமை தர்கா கந்தூரி விழாவில் புத்தக வெளியீடு. போன மாதம் இதே வாசலில் நின்று, ஆசிரியர் என்று தன் பெயரை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னவரும் அவர்தான்.

எல்லாம் நேற்று மெய்ப்பைப் படித்ததில் வந்த வினை. பாக்தாத்துக்குப் படிக்கப் போகிறார், பின்னாளில் முகைதீன் ஆண்டவர் ஆன இளம் அப்துல் காதிர். சட்டைக்குள் அம்மா தைத்துக் கொடுத்த நாற்பது பொற்காசு. வழிமறித்த கொள்ளையர் கேட்டதும், இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். கொள்ளையர் தலைவன் அழுகிறான். கமாலுதீனும் அழுதார். அப்புறம் தூக்கம் வரவில்லை.

"அதெல்லாம் தேவையே இல்ல பாய்," என்றான் மிக்கேல்.

"நீ இப்படித்தான் கெஞ்சுவேன்னு தெரியும்."

"கெஞ்சல பாய். நான் என்ன சொல்ல வரேன்னா..."

"பெருமை கூடாது மிக்கேலு. நாங்கற நெனப்பே அழியணும்."

இதுவும் நன்றாக வந்தது. மேடையிலும் சொல்லலாம். அடக்கத்தைப் பற்றித் தன்னைப்போல் பேச புதுச்சேரியில் வேறு ஆளில்லை என்று தோன்றியது.

"ஆயிரம் அட்டையும் முந்தாநாளே அடிச்சாச்சு பாய்."

கமாலுதீன் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "என் பேரோடவா?"

மிக்கேல் ஓர் அட்டையை உருவி நீட்டினான். அதில் கமாலுதீனின் பெயர் எங்குமே இல்லை. ஆசிரியர் என்ற இடத்தில் அவர் மனைவி மைமூன் பீவியின் பெயர் இருந்தது.

"அக்காவே வந்தாங்க பாய். தன் கையால எழுதின பதினோரு நோட்டையும் காட்டினாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டான்னேன். 'அவரு இன்னும் படிக்கவே இல்ல, படிச்சா தானே ஓடி வருவாரு'ன்னுட்டாங்க."