பாப்பாவைச் சுற்றிய கோடுகள்

சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 'பாப்பா' என்று எழுதினாள் வீட்டுக்காரி. காலையில் பெட்டியோடு வந்திறங்கியவள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டியலா எழுதிக் குடுத்தாலே பாத்துக்குவேன்க்கா."

"பட்டியல்ல கோடு இருக்காதும்மா. இங்க பாரு."

'இடிச் சத்தம்' என்ற வட்டத்திலிருந்து ஒரு கோடு 'பயம்' வரைக்கும் போனது. அங்கிருந்து 'சாப்பிட மாட்டாள்'. அதிலிருந்து 'தூங்க மாட்டாள்'.

"தூங்கலையேன்னு தாலாட்டுப் பாடிப் பிரயோஜனமில்லை. கோட்டைப் பிடிச்சுப் பின்னாடி போ. முதல்ல ஜன்னலைச் சாத்து."

வந்தவள் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "என்கிட்ட ஒட்டுவாளாக்கா?"

"ரெண்டு நாள் முறைப்பா. அப்புறம் இடுப்பை விட்டு இறங்க மாட்டா." வீட்டுக்காரி 'பாப்பா' வட்டத்தின் மேலேயே இன்னொரு முறை பேனாவை ஓட்டினாள். "மூணு வருஷம் வளர்த்துட்டேன். அதுக்காக, உடம்பு தேறி வந்து நிக்கிற பெத்த தாய்கிட்ட குடுக்காம இருக்க முடியுமா? நாளைக்குக் கூட்டிட்டுப் போ."

தாய் பேனாவை வாங்கினாள். தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு வட்டம் போட்டு 'பெரியம்மா' என்று எழுதினாள். பாப்பாவிலிருந்து அதற்குக் கோடு இழுத்து, கோட்டின் மேல் எழுதினாள்: 'ஞாயிறுதோறும் கூட்டி வரணும்.'