மூன்று மிதி

ஷெல் வெடித்த அன்றே துளசிகாவுக்குத் தாயும் இல்லாமல் போனாள், இரண்டு காதும் கேளாமல் போயின. அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு முகாமின் பத்துக் கூடாரங்களும் முறை வைத்துச் சோறு போட்டன. கூப்பிட்டால் கேளாது. அதனால் சோறு வடித்தவர்கள் வாசலில் நின்று குதிக்காலால் நிலத்தை மூன்று தரம் ஓங்கி மிதிப்பார்கள். அதைக் கண்ட அடுத்த கூடாரத்தாரும் மிதிப்பார்கள். அதிர்வு அப்படியே நகர்ந்து நகர்ந்து அவளுடைய வெறுங்காலைத் தொட்டதும், தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள்.

அன்று புஷ்பமலரின் முறை. மாதக்கணக்காக மிதித்து மிதித்து அவளுக்குக் குதிக்கால் வீங்கியிருந்தது. மத்தியானம் தாண்டியும் அரிசி வண்டி வரவில்லை. அடுப்பே மூட்டாதவள் எதற்கு மிதிப்பாள்? வெறும் அடுப்படியில் குந்தியிருந்தாள். பிறகு ஷெல்லடி தொடங்கியது. பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்ப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் இறங்கினாள். பிள்ளை தட்டை விடவில்லை.

தூரத்தில் மூன்று ஷெல்கள் அடுத்தடுத்து விழுந்தன. மண்சுவர் அதிர்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. காலையிலிருந்து வாடிக்கிடந்த துளசிகாவின் முகம் தெளிந்தது. தட்டோடு எழுந்து படியில் கால் வைத்தாள். புஷ்பமலர் எட்டி அவளுடைய சட்டையைப் பிடித்தாள்.

"விடுங்கோ மாமி, சாப்பிடக் கூப்பிடினம்."

புஷ்பமலர் இல்லையென்று தலையாட்டினாள். இன்னும் மூன்று விழுந்தன, இந்த முறை கிட்டத்தில்.

"பாருங்கோ, திரும்பவும் கூப்பிடினம்," என்றாள் பிள்ளை.